ஐம்பது வருசம் மேடையில் நின்ற ரொக் குழுக்கள்: பலகையில் எந்தத் திகதிகளை எழுதுவது?

கேள்வி: கல்லடிக் கரை

ஆனி மாதக் கடைசியில் கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு இசைமாலை வைக்கிறோம். முப்பது வருசமாகக் கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விழா என்று வாசித்து வரும் எங்கள் ஊர்க் குழுவொன்றைக் கௌரவிக்கிற நிகழ்ச்சி. மேடைக்குப் பக்கத்தில் 6 மீற்றர் நீளத் தட்டி கட்டி, உலகத்தில் நீண்டகாலம் டூர் போன ரொக் குழுக்களின் மைல்கற்களைப் பத்துப் பன்னிரண்டு பலகைகளில் காட்ட எண்ணியிருக்கிறோம்.

தேடினால் "இத்தனை கோடி டொலர் வசூல், இத்தனை இலட்சம் சனம்" என்றுதான் வருகிறது. பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கீபோர்ட், ஒக்டபேட், லீட் கிற்றார் வாசிக்கிற பிள்ளைகள், மிச்சம் சவுண்ட்ஸ்காரர். அவர்கள் நின்று வாசிக்கிற மாதிரி எந்தத் திகதிகளை எடுக்கலாம்? இன்னொன்று, ஊர்க் குழு தங்களுக்கு இது "ஆயிரமாவது மேடை" என்று பலகை போடச் சொல்கிறது. அதை எப்படிக் கணக்கெடுப்பது?

பதில் 1: வாவி மிக்ஸர்

தம்பி, வசூல் கணக்கை விட்டுவிட்டு ஒரேயொரு கேள்வியால் சல்லடை போடுங்கள்: அந்த இரவுக்குப் பிறகு மேடை வேலை செய்யும் முறை மாறியதா? மாறியிருந்தால் பலகை. இல்லாவிட்டால் அது வெறும் திகதி.

முதல் பலகை பீற்றில்ஸ். 1965 ஓகஸ்ட் 15, நியூயோர்க் ஷியா அரங்கு, ஏறத்தாழ 55,600 பேர். மேடையில் இருந்தது 100 வாட் வொக்ஸ் ஆம்ப்கள். பாட்டு வெளியே போனது விளையாட்டு அறிவிப்புக்குப் பூட்டிய அரங்கின் ஸ்பீக்கர்கள் வழியாக. பாடுகிறவருக்குத் தன் குரலைத் திருப்பித் தர மொனிட்டர் கிடையாது. சனத்தின் கூச்சலில் அவர்களுக்கே தங்கள் வாசிப்புக் கேட்கவில்லை. அடுத்த வருசம் 1966 ஓகஸ்ட் 29, சான் ஃபிரான்சிஸ்கோவோடு டூர் போவதையே நிறுத்தினார்கள். சனம் ஐம்பதாயிரம் சேர்ந்துவிட்டது, ஒலி அந்த அளவுக்கு இன்னும் வளரவில்லை. பின்னால் வந்த குழுக்கள் எல்லாம் இந்த இடைவெளியை மூடப் பாடுபட்டவைதான்.

மறுகா ரோலிங் ஸ்டோன்ஸ். முதல் மேடை 1962 ஜூலை 12, லண்டன் மார்க்கீ கிளப். அறுபது வருசத்துக்கு மேலாக ஓடுகிற குழு என்பதால் அவர்களுக்கு மட்டும் நாலு பலகை கொடுத்தாலும் தகும்.

1969 டிசம்பர் 6, கலிபோர்னியாவின் ஆல்டமொன்டில் ஸ்டோன்ஸின் இலவசக் கச்சேரி. இதைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் பிழை எங்கே நடந்தது என்று அளந்து காட்டலாம். முதலில் தீர்மானித்த இடத்தில் மேடை மேட்டில் வரவேண்டியிருந்தது. ஆகவே ஒரு மீற்றர் உயரம் போதும் என்று திட்டமிட்டார்கள். கடைசி இரண்டு நாளில் இடம் மாறியது. புது இடத்தில் மேடை பள்ளத்தில் வந்தது, உயரம் அதே ஒரு மீற்றர்தான். சாய்வில் நின்ற சனம் தானாகவே மேடையை நோக்கித் தள்ளுப்பட்டது. நடுவில் ஒழுங்கான தடுப்பு இல்லை. காவலுக்கு நின்றது ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல். அன்றைக்கு நாலு உயிர் போனது. இடம் மாறினால் மேடை உயரத்தையும் தடுப்பையும் திரும்பக் கணக்குப் போட வேண்டும் என்பதை இதைவிட எதுவும் தெளிவாகச் சொல்லாது.

1981, ஸ்டோன்ஸின் அமெரிக்க டூர்: ஒரு வாசனைத் திரவிய நிறுவனம் டூருக்கு விளம்பரதாரராக வந்தது. டிக்கெட் காசை மட்டும் நம்பி லொறி ஓட்டின காலம் அதோடு மாறத் தொடங்கியது. 1989இல் தொடங்கிய டூரை மைக்கேல் கோல் என்ற ஏற்பாட்டாளர் முழுசாகவே எடுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒவ்வொரு ஏற்பாட்டாளர். அதற்குப் பின் மேடை, டிக்கெட், ரீசேட், விளம்பரம் எல்லாம் ஒரே கணக்கு. ஒரே கணக்கானபடியால்தான் மார்க் ஃபிஷர் போன்ற கட்டடக் கலைஞர் மேடைகளைக் கட்டடம் மாதிரி வரையக் காசு கிடைத்தது.

1994 நவம்பர் 18, டல்லாஸ்: கச்சேரியின் சில பாட்டுகள் இணையத்தில் நேரடியாகப் போயின. இன்றைக்கு எங்கட திருவிழாக்களைக் கைப்பேசியில் லைவ் போடுகிற பிள்ளைகளுக்கு இந்தத் திகதி பிடிக்கும். 2003 ஏப்ரலில் பெங்களூரிலும் மும்பாயிலும் வாசித்தார்கள், இந்தியாவில் அவர்களின் முதல் மேடைகள். ஆனால் வேலைமுறை ஒன்றும் மாறவில்லை. ஊர்ப் பாசத்தில் வேண்டுமானால் சின்ன எழுத்தில் போடுங்கள்.

ஆள் மாற்றமும் மைல்கல்தான். டிரம்ஸ் வாசித்த சார்லி வோட்ஸ் 1963 ஜனவரியில் சேர்ந்தவர். கடைசி மேடை 2019 ஓகஸ்ட் 30, மயாமி. 2021 ஓகஸ்ட் 24 காலமானார். ஒரு மாதம் கழிந்த கையோடு, செப்டெம்பர் 26, செயின்ட் லூயிஸில் ஸ்டீவ் ஜோர்டனோடு டூர் தொடர்ந்தது. ஜோர்டன் புதுசாகத் தேடிப் பிடித்த ஆள் இல்லை, ஸ்டோன்ஸின் கிற்றார்காரர் கீத் ரிச்சர்ட்ஸோடு எண்பதுகளிலேயே வாசித்தவர். மாற்று ஆளை முன்கூட்டியே பழக்கி வைத்திருக்கிற குழுதான் நிலைக்கும். ஊர்க் குழுக்கள் பல உடைவது இந்த இடத்தில்தான்: பாடகர் வெளிநாடு போனதும் பாட்டு எந்தச் சுருதியில் எடுப்பது என்றே மிச்சப் பேருக்குத் தெரியாது.

பதில் 2: ஏறாவூர் பேஸ்

அண்ணன் ஸ்டோன்ஸோடு நின்றுவிட்டார். சாமான் ஏற்றுகிற விசயத்தில் அயர்ன் மெய்டனை விட நல்ல பாடம் இல்லை.

1975 டிசம்பர் 25 ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய குழு. 2007 மார்ச் 17 பெங்களூர் பலஸ் மைதானத்தில் வாசித்தார்கள். அடுத்த வருசம் 2008 பெப்ரவரி 1, மும்பாய். பலகைக்கு உரியது இந்த இரண்டாவது திகதி. ஒரு போயிங் 757 விமானத்தின் பின்பக்க ஆசனங்களைக் கழற்றி, அந்த இடத்தில் சாமான் ஏற்றி, குழுவும் வேலையாட்களும் மேடைச் சாமானும் ஒன்றாகப் பறந்த டூரின் முதல் மேடை அது. ஏறத்தாழ 12 தொன் சாமான். விமானம் ஓட்டினது பாடகர் புரூஸ் டிக்கின்சன்; முறையாக உரிமம் பெற்ற விமானி.

ஏன் இது முக்கியம்? அதற்கு முன் இந்தியா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா என்று தூரதூரமாகக் கிடக்கிற ஊர்களை ஒரே ஓட்டத்தில் கோக்க முடியாது. சாமான் கப்பலிலோ சரக்கு விமானத்திலோ தனியாகப் போகும், ஆட்கள் வேறு விமானத்தில் போவார்கள். ஒன்று பிந்தினால் மற்றது சும்மா காத்துக் கிடக்கும், காத்துக் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் சம்பளமும் ஹோட்டலும் ஓடும். இரண்டையும் ஒரே கூட்டுக்குள் போட்டதும் அந்த ஊர்களுக்குப் போவது கட்டுப்படியானது.

2016இல் போயிங் 747க்கு மாறினார்கள். கீழ்த்தட்டிலேயே சரக்கிடம் போதுமானபடியால் ஆசனம் கழற்றுகிற வேலை மிச்சம். ஆனால் அந்த மார்ச் மாதம் சிலியின் சந்தியாகோ விமான நிலையத்தில், எரிபொருள் நிரப்ப இழுத்துக்கொண்டு போகும்போது, முன்சக்கரத் திருப்பத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு ஊசி கழன்று விழுந்தது. கிறுகுகிற நேரத்தில் கட்டுப்பாடு போய் விமானம் இழுவண்டியோடு மோத, இரண்டு எஞ்சின் சேதம், தரைப் பணியாளர் இருவருக்குக் காயம். அடுத்த மேடைகளுக்குச் சாமானை வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்த்து டூரைத் தொடர்ந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறவனுக்கு அந்த வண்டி நின்றால் என்ன செய்வதென்ற இரண்டாவது திட்டம் இருக்க வேண்டும். பொத்துவிலுக்கு ஒரே லொறியில் போகிற குழுவுக்கும் அப்படித்தான்: மிக்ஸர், மைக்குகள், கீபோர்ட், அதன் பவர் சப்ளை இந்த நாலும் ஆட்கள் போகிற வான் வண்டியில் போகட்டும். ஸ்பீக்கரும் ஸ்ராண்டும் வழியில் உள்ள எந்த ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும். பாட்டுகளுக்குப் பதிந்து வைத்த உங்கள் கீபோர்ட் கிடைக்காது.

2024 டிசம்பர் 7, சாவோ பாவ்லோவில் மெய்டனின் டிரம்ஸ்காரர் நிக்கோ மக்பிரெய்ன் டூர் வாசிப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 2023 தொடக்கத்தில் பக்கவாதம் வந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு வருசம் டிரம்ஸில் இருந்தார். 2025 மே 27 புடாபெஸ்டில் ஐம்பது வருச டூர் புது டிரம்ஸ்காரர் சைமன் டோசனோடு தொடங்கியது. அதையும் எழுதுங்கள். பக்கவாதம் வந்தவர் டிரம்ஸ் முன்னால் திரும்ப உட்காருவது சும்மா காரியமில்லை.

பதில் 3: கல்முனை சவுண்ட்

ஒலிக்கு மூன்று பலகை தருகிறேன்.

1974: கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஸ்பீக்கர் சுவர். ஏறத்தாழ 600 ஸ்பீக்கர், 26,000 வாட்டுக்கு மேல். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு, அவ்வளவும் வாசிப்பவர்களுக்குப் பின்னால். சனம் கேட்பதையே வாசிப்பவரும் கேட்பார், தனி மொனிட்டர் தேவையில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் பிடித்தால் கூவத்தானே வேண்டும்? அதற்கு ஒவ்வொரு பாடகருக்கும் 60 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு மைக் வைத்து, ஒன்றை மற்றதுக்கு எதிர் முனைவில் இணைத்தார்கள். பின்னாலிருந்து வருகிற சத்தம் இரண்டிலும் ஒரே அளவாக விழுந்து ஒன்றையொன்று அழிக்கும். பாடகர் மேல் மைக்கில் மட்டும் வாயை ஒட்டிப் பாடுவதால் குரல் மிஞ்சும். குறை என்னவென்றால், வாய் கொஞ்சம் விலகினாலே குரலும் சேர்ந்து அழிந்து மெலிந்து போகும். சத்தம் அருமை, ஆனால் கட்டவும் கழற்றவும் நேரம் போதாமல் மேடைச் சாரத்தை ஒன்றுக்கு மேல் வைத்து, ஒரு ஊரில் வாசிக்கும்போது அடுத்த ஊரில் கட்ட வேண்டி வந்தது. செலவு தாங்காமல் அந்த வருசம் ஒக்டோபரோடு கைவிட்டார்கள். 2009 முதல் 2011 வரை 110 மேடை கண்ட யூ2 குழுவின் நாலு கால் இராட்சத மேடையும் இதே தந்திரத்தில்தான் ஓடியது: ஒரே அமைப்பில் மூன்று உருப்படி, ஒன்று நிற்க மற்றவை வழியில்.

2006 பெப்ரவரி 18: ஸ்டோன்ஸ், ரியோ டி ஜெனிரோவின் கொப்பகபானாக் கடற்கரை, இலவசம், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சனம் என்று மதிப்பிட்டார்கள். கடற்கரைக் கச்சேரி என்பதால் கல்லடிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும். முன்னால் கூட்டினால் முதல் வரிசைக்குக் காது போகும், பின்னால் அப்போதும் கேட்காது. ஆகவே கரை நெடுகக் கோபுரம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒலியைப் பிந்தவைத்து விட வேண்டும்.

எங்கட சூட்டில், 30 பாகையில், ஒலி வினாடிக்கு 349 மீற்றர் போகும். மீற்றருக்கு 2.87 மில்லிவினாடி. பிரதான ஸ்பீக்கரிலிருந்து 30 மீற்றரில் இரண்டாவது சோடி வைத்தால் 86 மில்லிவினாடி பிந்தவையுங்கள், அதோடு இன்னும் 10 கூட்டி 96 ஆக்குங்கள். அந்தப் பத்துக் கூட்டுவதால் முன்னாலிருந்து வரும் சத்தம் காதுக்கு முதலில் எட்டும். சனம் மேடையைத்தான் கேட்பதாக உணரும். பிந்தவைக்காமல் விட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்கும், பாட்டு விளங்காது. கோயில் வீதியில் பின் ஸ்பீக்கரோடு நடக்கிற வழமையான பிழை இதுதான்.

2013 டிசம்பர் 8: மெட்டாலிக்கா, அந்தாட்டிக்காவில் ஆர்ஜென்ரீனாவின் கார்லினி தளம். ஏழு கண்டத்திலும் வாசித்த முதல் குழு. சூழலைக் குழப்பக் கூடாதென்று வெளியே ஸ்பீக்கரே இல்லை. ஆம்ப்களைச் சத்தம் வெளியேறாத பெட்டிக்குள் அடைத்து மைக் வைத்து, கூடாரத்துக்குள் இருந்த ஏறத்தாழ 120 பேருக்கும் ஹெட்ஃபோனில் கொடுத்தார்கள். பெரிய குழு என்றால் பெரிய சத்தம்தான் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பலகையை நடுவில் வையுங்கள்.

பதில் 4: தேற்றாத்தீவுக் கொப்பி

ஆயிரமாவது மேடை பற்றி ஒருவரும் தொடவில்லை.

எண்ணுவதற்கு முன் மூன்றைத் தீர்மானியுங்கள். எங்கிருந்து தொடங்குவது, எது மேடை, எது சான்று. அமெரிக்கப் பாடகர் பொப் டிலான் 1961இலேயே மேடை ஏறியவர். ஆனால் 2019 ஏப்ரலில் ஒஸ்ரியாவின் இன்ஸ்புரூக்கில் வந்த 3,000 என்ற எண் 1988 ஜூன் 7இல் தொடங்கிய டூரின் கணக்கு. தொடக்கத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அது பிழையான எண். கிரேட்ஃபுல் டெட் 1965 முதல் 1995 வரை 2,300க்கு மேல் வாசித்தார்கள் என்று இன்றைக்கும் திகதி திகதியாகச் சொல்ல முடிவது, ரசிகர்கள் மேடைக்கு மேடை ஒலிப்பதிவும் பாட்டு வரிசையும் வைத்திருந்தபடியால்தான்.

உங்கள் குழுவுக்கு: ஒரு நாளில் இரண்டு இடம் வாசித்தால் இரண்டு. ஒரே மேடையில் இடைவேளை விட்டு இரண்டு தரம் ஏறினால் ஒன்று. முற்பணம் வாங்கி, மழையாலோ ஊரடங்காலோ நடக்காமல் போனது பூச்சியம். ஒத்திகை பூச்சியம். குழுவின் பாதிப்பேர் வேறு பெயரில் வாசித்தது தனிக் கணக்கு.

ஒரு கொப்பியில் ஆறு கட்டம் போடுங்கள்: திகதி, இடம், அழைத்தவர், மேடையில் நின்றவர்கள், வாசித்த நேரம், சான்று. சான்றாக முற்பணப் பற்றுச்சீட்டு, திருவிழா நோட்டீஸ், வீடியோக் கசெற், பின்பக்கம் திகதி எழுதிய படம் ஏதாவது ஒன்று போதும். நினைவு மட்டும் என்றால் கடைசிக் கட்டத்தில் "நினைவு" என்றே எழுதுங்கள். கோயில் மேடைகளைத் தேடுவது சுகம். மாமாங்கக் கோயில் திருவிழாவும் திருக்கோவில் ஊர்க் கோயில் திருவிழாவும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிகிறபடியால், வருசம் தெரிந்தால் பஞ்சாங்கத்தில் திகதியைப் பிடித்துவிடலாம். கலியாண வீடுகள்தான் கஷ்டம். அங்கே மாப்பிள்ளை வீட்டு அல்பத்தைக் கேளுங்கள்.

கல்லடி, நாவலடிப் பக்கத்து வீடுகளில் 2004க்கு முந்திய கடதாசி சுனாமியோடு போயிருக்கும். அந்தப் பத்து வருசத்துக்கு அழைத்தவர்களிடம்தான் தேட வேண்டும், குழுவிடம் கிடைக்காது. எல்லாம் செய்து சான்றோடு 640ம் நினைவில் 300ம் வந்தால், பலகையில் "சான்றோடு 640, நினைவோடு 940" என்றே எழுதுங்கள். ஆயிரம் என்று நிரப்ப வேண்டாம். கொப்பி தொடர்ந்தால் ஆயிரம் தன்பாட்டில் வரும், அன்றைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது.

கல்லடிக் கரை

எல்லோருக்கும் நன்றி. கல்முனை நானா, கச்சான் காற்று அடிக்கிற மாதம் என்பதால் ஒரு சந்தேகம். மேடையை எந்தப் பக்கம் பார்க்க வைப்பது? பின்னால் 6க்கு 4 மீற்றர் பதாகை கட்டலாமா? கரண்ட் எவ்வளவு வேண்டும்?

பதில் 5: கல்முனை சவுண்ட்

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. மேடையின் முதுகு ஊர்ப் பக்கம், முகம் கடல் பக்கம். காற்றோடு போகிற சத்தம் தரையை ஒட்டிப் போகும், எதிர்த்துப் போகிற சத்தம் மேலே வளைந்து சனத்தின் தலைக்கு மேலால் போய்விடும். ஊருக்குள் வயதானவர்களுக்கும் தொல்லை குறையும். பின்னேரம் சில நாள் கடற்காற்று எதிர்க்கும், ஆகவே சவுண்ட் செக்கை நாலு மணிக்கு முடித்துவிட்டு எழும்ப வேண்டாம். பொழுதுபட்ட பிறகு இன்னொரு தரம் நடந்து பாருங்கள்.

பதாகை விசயத்தில் பொறுமையாகக் கணக்குப் பாருங்கள். காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு, வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கி வரும் நியூட்டன். வினாடிக்கு 15 மீற்றர் வீச்சு ஒன்று வந்தால் ஏறத்தாழ 135. உங்கள் பதாகை 24 சதுர மீற்றர். மொத்தம் 3,200 நியூட்டனுக்கு மேல், அதாவது 330 கிலோ பாரம் பக்கவாட்டில் இழுப்பது போல. காற்று இரட்டித்தால் இழுவை நாலு மடங்கு. 2011 ஓகஸ்ட் 13 அமெரிக்காவின் இந்தியானாவில் ஒரு சந்தைத் திடலில் தற்காலிக மேடைக் கூரை கச்சேரிக்குச் சற்று முன் காற்றில் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சனத்தை எப்போது வெளியேற்றுவது, யார் சொல்வது என்று முன்கூட்டித் தெளிவாகத் தீர்மானிக்காததும் அதில் ஒரு காரணம். பதாகையை விட்டு வலைத்துணி கட்டுங்கள். சாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் பலகை அடி வைத்து, 200 லீற்றர் தண்ணீர் பரல் ஒன்றோடு கட்டுங்கள். மணலில் முளை அடித்து நம்ப வேண்டாம், அசைந்து அசைந்து கழன்றுவிடும். துணியை அவிழ்க்கச் சொல்கிற அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கட்டும். அவர் சொன்னால் பாட்டு நடுவிலும் அவிழ்க்க வேண்டும்.

கரண்ட்: சவுண்ட்ஸ் 5 கிலோவாட், எல்ஈடி லைட் 2, மேடை ஆம்பும் கீபோர்ட்டும் 1. மொத்தம் 8, பவர் ஃபக்டர் 0.8 என்றால் 10 கேவிஏ. பேஸ் அடிக்கிற நேரம் திடீரென இழுக்கும், ஆகவே 15 கேவிஏ ஜெனரேட்டர் எடுங்கள். மூன்று ஃபேஸ் (phase) ஜெனரேட்டர் என்றால் சவுண்ட்ஸை இரண்டு ஃபேஸில் பிரித்து, லைட்டை மூன்றாவதில் போடுங்கள்; சவுண்ட்ஸ் முழுவதையும் ஒரே ஃபேஸ் தாங்காது. நியூட்ரல் இணைப்பை நீங்களே கண்ணால் பாருங்கள். அது தளர்ந்து கழன்றால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி ஏறி, முதலில் கீபோர்ட் பவர் சப்ளை எரியும். எர்த் கம்பியை ஈரம் தட்டுகிற ஆழம் வரை இறக்குங்கள், காய்ந்த மேல்மணலில் எர்த் பிடிக்காது.

முடிந்த அன்றைக்கே எல்லா வயர் முனைகளையும் துடைத்து, சிலிக்கா பொட்டலத்தோடு பொலித்தீனில் கட்டி வையுங்கள். உப்புக்காற்று பட்டதை அப்படியே சுருட்டினால் ஒரு கிழமையில் செம்பு பச்சை பிடித்து, அடுத்த மேடையில் கரகரக்கும்.

பதில் 6: வாவி மிக்ஸர்

பலகைக்கு ஒரு குறிப்பு, தம்பி. ஆறேழு மீற்றரில் நின்று வாசிக்க எழுத்து குறைந்தது 25 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். தமிழில் கொம்பும் சுழியும் அடைபடும், ஆகவே தலைப்புக்கு 60 போடுங்கள். ஒரு பலகைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். அச்சுக்காரரிடம் மங்கல் பிளெக்ஸ் கேளுங்கள். பளபளப்பு போட்டால் மேடை லைட் பட்டு அரைவாசி வாசிக்க ஏலாது.